காவிரி கடலைத் தொடுவது குற்றமா?

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரி நீர் கொள்ளிடத்தில் பாயத் தொடங்கினால் போதும், தமிழ்நாட்டில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. 2018-ல் வந்தது, 2022-ல் வந்தது, 2024-லும் வந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் மோதிக்கொள்வது யார் அணை கட்டாமல் விட்டார்கள் என்பதில் மட்டும்தான். கடலில் கலப்பது வீண் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே கிடையாது. விவசாய சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற பொறியாளர், டீக்கடையில் பேப்பர் படிப்பவர் என எல்லோரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

ஒப்புக்கொண்டது தவறு. அந்தத் தவறு டெல்டாவின் மண்ணையும் கரையோர மீன்பிடித் தொழிலையும் கெடுக்கிறது. அதைவிட மோசம், கர்நாடகம் கட்ட விரும்பும் மேகதாது அணை விவகாரத்தில் தமிழ்நாட்டின் காலைத் தமிழ்நாடே வாரிவிடுகிறது.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கனஅடி அளவில் தண்ணீர் வெளியேறியது. அடுத்த வருடமே, 2023-ல், குறுவைக்குத் தண்ணீர் போதாமல் டெல்டாவில் பயிர் கருகியது. ஒரு வருடம் கரைபுரண்டு ஓடியதில் கால்வாசியைப் பிடித்து வைத்திருந்தால் மறு வருடம் பயிர் பிழைத்திருக்காதா என்று ஒரு விவசாயி கேட்டால், நகையை அடகு வைத்து நடவு நட்டவர் கேட்கும் கேள்வி அது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டிராவிட்டால் குறுவைச் சாகுபடி இன்றைய அளவுக்கு உறுதிப்பட்டிருக்காது என்பதும் உண்மை. இருக்கும் அணைகளை இடிக்கச் சொல்லி இங்கே யாரும் வாதாடவில்லை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் நஷ்டம், ஆகவே இன்னும் அணை வேண்டும் என்ற முடிவுதான் தவறு. அது ஏன் தவறு என்பதற்கு ஆறு காரணங்கள்.

1. எங்கே தேக்குவது?

அணை கட்டு என்று சொல்கிறவர்கள் இடத்தைச் சொல்வதில்லை. நொடிக்கு ஒரு லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. இரண்டு லட்சம் கனஅடி ஐந்து நாள் ஓடினால் 86 டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். ஐந்து நாள் வெள்ளத்தைப் பிடிக்க இன்னொரு மேட்டூர் வேண்டும் என்று அர்த்தம்.

மேட்டூருக்கு இரு பக்கமும் மலை இருந்தது. திருச்சிக்குக் கிழக்கே மலை ஏது? சமவெளியில் சராசரியாக 20 அடி ஆழத்துக்குத் தேக்குவதாக வைத்துக்கொண்டாலும் 86 டிஎம்சிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் மூழ்க வேண்டும். எந்த ஊர்களை எடுப்பது? லால்குடி, திருவையாறு, பாபநாசம் பக்கத்து நஞ்சையையா? டெல்டாவுக்குத் தண்ணீர் சேர்க்க டெல்டாவையே மூழ்கடிக்கும் திட்டம் அது.

அணை வேண்டாம், கொள்ளிடத்தில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு கதவணை போதும் என்கிறார்கள் வேறு சிலர். ஒரு கதவணையில் மூன்றில் ஒரு டிஎம்சி தேங்கும் என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். 2 லட்சம் கனஅடி வெள்ளத்தில் அது அரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். பத்து கதவணைகளும் ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பும். அதற்குப் பிறகு வரும் அத்தனை தண்ணீரும் கடலுக்குத்தான் போகும், தலைப்புச் செய்தியும் அப்படியே வரும். கதவணையால் பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும் என்பது நியாயமான பேச்சு. அதை அந்தப் பயனுக்காகக் கட்டுங்கள். வெள்ளத்தைப் பிடித்துவிடும் என்று சொல்லிக் கட்டாதீர்கள்.

இந்த இடத்தில் கரிகாலன் பெயரை இழுப்பது வழக்கமாகிவிட்டது. அவன் கல்லணை கட்டினான், நாம் கட்டவில்லை என்று மேடைதோறும் பேசுகிறார்கள். கல்லணை தண்ணீரைத் தேக்கும் அணையே இல்லை. வேண்டிய அளவை டெல்டா ஆறுகளுக்குத் திருப்பிவிட்டு, மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுவதற்காக அமைக்கப்பட்டது அது. 1830-களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையும் அந்த வழியைத்தான் பின்பற்றியது. வெள்ளம் கடலுக்குப் போகும் பாதையைத் திறந்து வைத்ததால்தான் தஞ்சை மண்ணில் இத்தனை நூற்றாண்டுகளாக நெல் விளைகிறது.

காமராஜருக்குப் பிறகு தமிழ்நாட்டில் அணையே கட்டவில்லை என்ற பேச்சும் பொய். கடனாநதி, ராமநதி, குண்டாறு, அடவிநயினார் எல்லாம் அவர் ஆட்சிக்கு வெகுகாலம் பிறகு எழுந்தவை. அவை சிறியவையாக இருப்பதற்குக் காரணம், பெரிய அணைக்கு ஏற்ற மலையிடுக்குகள் பெரும்பாலும் ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்டன.

2. வறண்ட வருடத்தில் காலி அணை எதற்கு?

2023-ஐ உதாரணம் காட்டுகிறவர்கள் அந்த வருடக் கணக்கைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கப்பட்டபோது நீர்மட்டம் 103 அடி அளவில் இருந்தது. முந்தைய வருடத்து மழையில் மிச்சம் பிடித்த தண்ணீர் கையில் இருந்தது. அப்படியிருந்தும் குறுவை கருகியது, அக்டோபர் 10-ல் அணை மூடப்பட்டது. காரணம், நீர்ப்பிடிப்புப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. கர்நாடகமும் உரிய தண்ணீரை விடவில்லை. பற்றாக்குறைக் காலத்தில் பங்கீடு நடக்கவில்லை என்பதுதான் 2023-ன் பிரச்சினை. இன்னொரு தேக்கம் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்?

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் இருந்த அணைகளே வெறும் சுவர்களாக நின்றன. மழை பெய்த வருடத்தில் மிஞ்சுவதும் பொய்த்த வருடத்தில் இல்லாமல் போவதும் அணையின் எண்ணிக்கையால் மாறிவிடாது. வெயில் கொளுத்தும் ஊரில் அகலமான நீர்ப்பரப்பை இரண்டு கோடைக்குத் திறந்து வைத்தால் ஆவியாகிப் போவது எவ்வளவு என்ற கணக்கையும் இவர்கள் சேர்ப்பதில்லை.

3. அணை வெள்ளத்தைத் தடுக்குமா?

தடுக்கும், காலியாக இருந்தால். பாசனத்துக்கான அணையை நிரப்பி வைக்க வேண்டும். வெள்ளத் தடுப்புக்கான அணையைக் காலியாக வைக்க வேண்டும். ஒரே அணை இரண்டையும் செய்யும் என்று வாக்குறுதி கொடுப்பவர்கள், நிரம்பிய அணைக்குப் பெருமழை வரும் ராத்திரியில் என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் அதைத் தெரிந்துகொண்டார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெரும்பாலான அணைகள் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டன. இடுக்கி அணையின் மதகுகள் 26 வருடங்களுக்குப் பிறகு அப்போதுதான் திறந்தன. அதே மாதம் 22-ம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. மேலே கபினி, கிருஷ்ணராஜசாகர், மேட்டூர் என்று அணைகள் வரிசையாக நின்ற ஆற்றில் நடந்தது இது.

4. கடலுக்குப் போகிற வழியில் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது?

வீண் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை கூடக் கேட்காத கேள்வி இது. பதிலோ மிக நீளம்.

கொள்ளிடத்தின் படுகை ஆழமான மணல். முக்கொம்பிலிருந்து அணைக்கரை வரை வெள்ளம் ஓடும் ஒவ்வொரு நாளும் அந்த மணல் தண்ணீரைக் குடிக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், அரியலூர், கடலூர் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களின் குடிநீர் அந்த மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே திருச்சிப் பக்கத்து ஆற்றுப் படுகைதான் ஊற்று. வறண்ட ராமநாதபுரத்தின் பெயரைச் சொல்லி கொள்ளிட வெள்ளத்தை வீண் என்பவர்கள், அந்த மாவட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் எதனால் ஊறியது என்று பார்க்க வேண்டும்.

அணைக்கரைக்குக் கீழே வேறு கதை. கடலோரத்தில் நிலத்தடியில் நன்னீரும் உப்பு நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. உப்பு நீர் கனமானது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும் என்பது நூறு வருடத்துக்கும் மேலாக நீரியலில் பாடமாக உள்ள கணக்கு. அதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும்: மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டர் போச்சு. கடலோர டெல்டாவில் ஒரு கிராமத்துக் கைப்பம்பு உப்புக் கரிக்கத் தொடங்கினால் அங்கே வாழ்வது எப்படி மாறும் என்று நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறவர்கள் அவர்கள்தான். கொள்ளிடத்தில் மணல் அள்ளிப் படுகையைத் தாழ்த்தியதும் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் சேர்ந்து உப்பை உள்ளே இழுத்துக்கொண்டு வருகின்றன. அந்த உப்பைத் திருப்பித் தள்ளுவதற்கு ஆற்றின் ஓட்டம்தான் முக்கியமான வழி.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பாருங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, உப்பும் நன்னீரும் கலக்கும் உப்பங்கழியில் அது வளர்ந்தது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை அங்கே காடாக நிற்கிறது. சுரபுன்னையும் வெண்கண்டலும் வேரூன்றி நிற்கும் சேற்றில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. டெல்டாவின் தெற்கு முனையில் முத்துப்பேட்டை உள்ளது. அங்கே நன்னீர் வரத்து குறைந்து உப்பு கூடிக்கூடி, பல வகை மரங்கள் நிற்க வேண்டிய காட்டில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் ஒன்றே பெரும்பாலும் மிஞ்சி நிற்கிறது. இரண்டு காடுகளையும் அடுத்தடுத்து ஒருவர் பார்த்தால், ஆற்றுத் தண்ணீர் கடலோரத்தில் என்ன செய்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மீனவர்கள் இந்த விவாதத்தில் எங்கே? பழையாறு, தரங்கம்பாடி, பூம்புகார்க் கரைகளில் வெள்ளம் கலங்கலாகக் கடலில் இறங்கும் நாட்களுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆற்று வண்டலில் வரும் சத்தைத் தின்று நுண்பாசி பெருகும், அதைத் தின்னச் சிறு மீன் வரும், அதன் பின்னே பெரிய மீன் வரும். இதைத் துண்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து சாட்சி. நைல் ஆற்றின் குறுக்கே அஸ்வான் உயர் அணை எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் எகிப்தின் மத்திய தரைக்கடல் கரையில் வருடத்துக்குச் சுமார் 18,000 டன் மத்தி மீன் கிடைத்தது. வெள்ளம் அணையில் நின்றபின், அந்தப் பத்தாண்டின் முடிவில் அது ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. நைலின் முகத்துவாரத்தில் கடற்கரையே பின்வாங்கத் தொடங்கியது, ஏனென்றால் கரையைக் கட்டிக்கொண்டிருந்த வண்டல் இப்போது அணைக்குள் கிடக்கிறது. பாகிஸ்தானில் சிந்து நதி கோட்ரி தடுப்பணைக்குக் கீழே வருடத்தில் பல மாதம் வறண்டு கிடக்க, கடல் உள்ளே ஏறி விளைநிலங்களைத் தின்றது. விவசாயிகளும் மீனவர்களும் ஊரைக் காலி செய்து கராச்சிக்குப் போனார்கள்.

காவிரியின் வண்டல் எங்கே? மேட்டூரில். 1934-க்குப் பிறகு அங்கே படிந்ததை எடுக்கும் வேலை 2017-ல்தான் தொடங்கியது. அந்த மண் டெல்டா வயலுக்கு வந்திருக்க வேண்டியது, கடற்கரையைக் கட்டியிருக்க வேண்டியது. பூம்புகாரில் காவிரி கடலைச் சேரும் இடத்தைப் போய்ப் பார்ப்பவர்கள் அதிர்ந்து போவார்கள். ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சுருங்கியிருக்கிறது. அந்த ஆறு கடலில் அதிகமாகக் கலந்துவிட்டது என்று சொல்வதற்கு மனசு எப்படி வருகிறதோ தெரியவில்லை.

5. ஓடாத ஆறு எதைச் சுமக்கும்?

காவிரியின் கிளை நதியான நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. நோக்கம் பாசனம். அணையில் வந்து சேர்ந்ததோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. ஓடிக்கொண்டிருந்தால் நீர்த்துப் போயிருக்கும் நஞ்சு, அணையில் தங்கிக் கெட்டிப்பட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் இறங்கியது. தென்னையும் மஞ்சளும் விளைந்த தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் பயிருக்கு உதவாமல் போனது. இந்த அணையால் பயன் பெற வேண்டிய விவசாயிகளே இதற்காக நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூரின் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்த வழக்கு போனது.

குற்றம் சாயப்பட்டறையுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் காவிரிப் படுகையில் இன்று நகரக் கழிவும் ஆலைக் கழிவும் சேராத நீளம் எங்கே மிச்சம் இருக்கிறது? பவானி, அமராவதி, நொய்யல் மூன்றும் கொண்டுவந்து கொட்டுவதை வருடத்தில் சில நாள் வெள்ளம்தான் அலசிக்கொண்டு போகிறது. அந்த வெள்ளத்தையும் பிடித்து நிறுத்தினால் கரூருக்குக் கீழே குடிநீருக்குக் காவிரியை நம்பியிருக்கும் ஊர்களுக்கு என்ன மிஞ்சும்?

6. மேகதாதுவில் என்ன சொல்லப்போகிறோம்?

கடைசிக் காரணம்தான் மிகப் பெரியது. கர்நாடகம் மேகதாதுவில் 67.16 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்ட விரும்புகிறது. பெங்களூரின் குடிநீருக்கு என்கிறது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் பெங்களூருக்கு ஒதுக்கியது 4.75 டிஎம்சி. மீதிக்கு அது சொல்லும் நியாயம் என்ன? மாநில எல்லையில் நீர் அளக்கப்படும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 177.25 டிஎம்சிக்கு மேல் நல்ல வருடங்களில் போவதெல்லாம் வீணாகக் கடலில்தான் கலக்கிறது, அதை நாங்கள் தேக்கினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

இந்த வாதத்தைக் கர்நாடகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம்முடைய தலைப்புச் செய்திகளிலிருந்து எடுத்துக்கொண்டது. கடலில் கலப்பது வீண் என்று தமிழ்நாடு வருடந்தோறும் உரக்கச் சொல்லும்போது, மேகதாது அணைக்கான மனுவைத் தமிழ்நாடே எழுதிக் கொடுக்கிறது. ஆற்றின் கடைசியில் இருப்பவர்களின் உரிமை எதன் மேல் நிற்கிறது? ஆறு தன் வழியில் முடிவு வரை ஓட வேண்டும் என்பதன் மேல்தான். மிஞ்சியதை மேலே இருப்பவர் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், எது மிஞ்சியது என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடும்.

மூழ்கப்போவது என்ன என்றும் பார்க்க வேண்டும். சுமார் 5,000 ஹெக்டேர், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயமும் காப்புக்காடும். காவிரி இன்னும் பாறைகளுக்கு இடையே காட்டாறாக ஓடும் மிகச் சில நீளங்களில் அதுவும் ஒன்று. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் கரை அது. நீர்நாயும் சாம்பல் அணிலும் அங்கே உண்டு. முதுகில் திமில் போல மேடுள்ள மகசீர் மீன் உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அது பட்டியலிடப்பட்டுள்ளது. ஓடும் நீரில் வாழும் அந்த மீன் தேங்கிய நீரில் பெருகாது.

அணை வராவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற மிரட்டல் பழையது. பக்கத்துக் கேரளத்தில் குந்திப்புழையின் குறுக்கே சைலண்ட் வேலி மின்திட்டம் வந்தபோது இதைத்தான் சொன்னார்கள். மலபார் இருட்டில் கிடக்கும் என்றார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்கோடு மறுத்தது, கவிஞர் சுகதகுமாரி போன்றவர்கள் தெருவில் இறங்கினார்கள், சாலிம் அலி எழுதினார். கடைசியில் 1984-ல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. மலபார் இருண்டு போகவில்லை. அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து முடித்தார்கள். சால்மன் மீன் மேலே ஏறியது, முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து கடற்கரை திரும்பக் கூடியது. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024-ல் அகற்றப்பட்ட சில வாரங்களிலேயே சால்மன் திரும்பியது.

அப்படியானால் டெல்டா விவசாயிக்கு என்ன வழி என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. தூர்ந்து, கரை உடைந்து, வரத்து வாய்க்கால் ஆக்கிரமிக்கப்பட்டுக் கிடக்கும் ஏரிகளை மீட்டால், புதிதாக ஒரு ஏக்கர் கூட மூழ்காமல் தண்ணீர் நிற்கும். வெள்ளக் காலத்தில் வெண்ணாறும் அரசலாறும் கடைமடை வரை போய்ச் சேருவதற்கு வாய்க்காலைத் தூர்வாரும் வேலை, மேட்டூர் திறந்தபிறகு அவசரமாக நடக்காமல் ஏப்ரலிலேயே முடிய வேண்டும். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவது நிற்க வேண்டும்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் கொடுத்த இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு 10 டிஎம்சியும் தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4 டிஎம்சியும் தனியாக ஒதுக்கியது. மொத்தத்தில் இரண்டு சதவீதம் கூட இல்லை. அந்த 14 டிஎம்சியை அதிகமாக்கக் கேட்பதுதான் கீழ்ப்பாசனப் பகுதியின் மாநிலம் செய்ய வேண்டிய காரியம். அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்தில் ஆண்டு முழுவதும் குறைந்தபட்சம் எவ்வளவு ஓட வேண்டும் என்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வரையறுக்க வேண்டும். பிலிகுண்டுலு அளவைப் போல அந்த அளவும் மாதாமாதம் வெளியிடப்பட வேண்டும். மேகதாது பற்றிய அடுத்த விசாரணையில் தமிழ்நாடு தாக்கல் செய்யும் மனுவில் இந்தக் கோரிக்கை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.